கேம்ஸ்காம் 2025: எந்த வரிசையில் நிற்கலாம், எதில் நிற்க வேண்டாம்

வீடியோ கேம் கண்காட்சிக்குப் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் கதையைப் பற்றியும் காட்சிகளைப் பற்றியும் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு விளையாட்டின் கதையை இருபது நிமிடத்தில் எடைபோட முடியாது. காட்சிகளையோ வீட்டில் உட்கார்ந்து முன்னோட்டத்தில் இன்னும் தெளிவாகப் பார்த்துவிடலாம். பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் எப்படித் துள்ளுகிறது, வாளை வீசினால் அடி விழுந்த உணர்வு கைக்கு வருகிறதா, அவசரத்தில் விரல் தடுமாறுகிறதா என்பதையெல்லாம் கன்ட்ரோலரைக் கையில் வாங்கினால் ஒழிய அறியவே முடியாது. நான் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்கிறேன். லேத் இயந்திரத்தின் கைச்சக்கரத்தில் மயிரிழைத் தளர்வு இருந்தாலும், அளவுக்கருவி காட்டுவதற்கு முன்பே உள்ளங்கை காட்டிவிடும். விளையாட்டுகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கொலோன் நகரத்தில் 2025 ஆகஸ்ட் மாதம் நடந்த கேம்ஸ்காம் கண்காட்சியைப் பற்றிய இந்த மதிப்புரையும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான்.

கண்காட்சி எவ்வளவு பெரியது என்று தெரியாமல் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. லைப்சிக் நகரத்தில் நடந்துவந்த பழைய கண்காட்சிக்குப் பிறகு, 2009 முதல் கேம்ஸ்காம் கொலோனில் ரைன் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள கண்காட்சி வளாகத்தில் நடக்கிறது. 2025இல் ஆகஸ்ட் 20 முதல் 24 வரை நடந்தது. வந்தவர்கள் 357,000 பேர் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். 1,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரித்திருந்தன. மெஸ்ஸே டொய்ட்ஸ் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிய கணமே கூட்டம் தொடங்கிவிடுகிறது. வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நுரைப்பலகையில் செய்த வாளைத் தோளில் சுமந்துகொண்டு நடக்கும் யாராவது ஒருவரின் பின்னால் போனால் போதும்.

நான் வியாழக்கிழமை போனேன். கூட வந்தவன் அக்காவின் மகன், பதினாறு வயது. வயது இங்கே முக்கியம். ஜெர்மனியில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு முத்திரை உண்டு. பன்னிரண்டுக்குப் பச்சை, பதினாறுக்கு நீலம், பதினெட்டுக்குச் சிவப்பு. கண்காட்சியில் அடையாள அட்டையைக் காட்டி அதே நிறத்தில் கைப்பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பதினெட்டு முத்திரை விளையாட்டுகளை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக்கூட முடியாதபடி நான்கு பக்கமும் சுவர் எழுப்பி மூடிவைக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பாதி வரிசை நின்ற பிறகு வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்களையும், அவர்களைச் சமாதானப்படுத்த முடியாமல் நின்ற அப்பாக்களையும் அன்று நிறையப் பார்த்தேன். இந்த ஏற்பாட்டை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கடுமையாக நடத்துகிறார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள். தாடி வைத்த மனிதரிடமும் பட்டையைக் கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

அன்றைய பெரிய வரிசைகளுள் ஒன்று ஹாலோ நைட்: சில்க்சாங் விளையாட்டுக்கு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அரங்கில் அதை வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு 2017இல் ஹாலோ நைட் விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியை 2019 பிப்ரவரியில் அறிவித்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தைச் சகித்துக்கொண்டு காத்திருந்தவர்கள்தாம் அந்த வரிசையில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காத்திருக்கத் தொடங்கி, இப்போது வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் அட்டையில் செய்த மடிப்பு முக்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இந்த அட்டை முக்காலிதான் கேம்ஸ்காமின் உண்மையான அடையாளம் என்பேன். எங்காவது இலவசமாகக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் வரிசையின் நடுவில் நின்றபோது, மாலை நெருங்கும் நேரத்தில், எல்லோருடைய கைபேசிகளும் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. டீம் செர்ரி வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டது: செப்டம்பர் 4. அதாவது இரண்டே வாரம். வரிசை முழுவதும் கத்தியது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் சுவையாக இருந்தது. சிலர் அமைதியாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார்கள். மருமகனும் என்னைப் பார்த்தான். "மாமா, இரண்டு வாரத்தில் வீட்டிலேயே விளையாடலாமே, இன்னும் ஏன் நிற்கிறோம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். "கதை இரண்டு வாரம் கழித்து வரட்டும். கை இன்றைக்கே பார்த்துவிட வேண்டும்" என்றேன். நின்றோம்.

ஆடிப் பார்க்க வைத்திருந்த டெமோவில் இரண்டு இடங்கள் இருந்தன. தொடக்கத்தில் வரும் பாசி படர்ந்த குகை ஒன்று, பின்னால் வரும் நெருப்புக் குழம்பு ஓடும் துறைமுகம் ஒன்று. பழைய விளையாட்டில் நாம் ஆடிய வீரன் குள்ளன், நிதானமானவன். எதிரியின் தலைக்கு மேல் குதித்து நேர்கீழாகக் குத்தினால் அந்த அடியிலேயே மேலே எழும்பலாம். ஆயிரக்கணக்கான முறை செய்து செய்து என் விரலுக்குள் ஊறிப்போன அசைவு அது. இந்த முறை ஆடுவது ஹார்னெட் என்ற பெண்ணாக. அவள் உயரம், வேகம், ஆனால் நேர்கீழாகக் குத்துவதில்லை, சாய்வாகப் பாய்கிறாள். எதிரிக்கு மேலே போய் நின்று அழுத்தினால் அவனைத் தாண்டி விழுந்துவிடுவீர்கள். கொஞ்சம் முன்னதாகவே, தூரத்தைக் கணக்கிட்டு அழுத்த வேண்டும். முதல் சில நிமிடங்கள் என் கட்டைவிரல் பழைய வீட்டு முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. பிறகு பிடிபட்டது. பிடிபட்ட அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. பழைய அசைவைக் கொடுத்துவிட்டு ரசிகர்களைத் திருப்திப்படுத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இந்தப் பாத்திரத்தின் உடம்புக்கு என்ன பொருந்துமோ அதைச் செய்திருக்கிறார்கள்.

குணமாகும் முறையும் மாறியிருக்கிறது. பழைய வீரன் தரையில் நின்று, பொத்தானை அழுத்திப் பிடித்து, உயிரளவைக் காட்டும் முகமூடிகளை ஒவ்வொன்றாக மீட்பான். ஹார்னெட் சேர்த்து வைத்த பட்டு நூலைச் செலவழித்து ஒரே மூச்சில் மூன்று முகமூடிகளை மீட்கிறாள், அதையும் அந்தரத்தில் இருக்கும்போதே செய்யலாம். இதனால் சண்டையின் தாளமே மாறுகிறது. ஓடி ஒளிந்து குணமாக வேண்டியதில்லை. எதிரிக்கு மேலே எழும்பிய நிலையில், அவன் அடி நமக்குக் கீழே போகும் இடைவெளியில், முடித்துவிடலாம். துறைமுகப் பகுதியின் முடிவில் வரும் லேஸ் என்ற வாள்வீராங்கனையிடம் நான் தோற்றேன். மருமகன் கடைசி நிமிடத்தில் வென்றான். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள், அவன் காது சிவந்துபோனது.

செப்டம்பர் 4 அன்று விளையாட்டு வெளியானபோது வாங்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் இணையக் கடைகள் திணறியது எல்லோருக்கும் தெரியும். இப்போது முழுவதையும் ஆடிவிட்டதால் டெமோ சொன்னதையும் சொல்லாததையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. கை சொன்னது அத்தனையும் உண்மை. சாய்ந்த பாய்ச்சல் கடைசி வரைக்கும் அலுக்கவில்லை. நேர்கீழாகக் குத்தியே பழகியவர்களுக்குப் பின்னால் தாக்கும் முறையை மாற்றும் வேறு முத்திரைகளும் கிடைக்கின்றன. ஆனால் விளையாட்டு எவ்வளவு கடினம் என்பதை அந்த டெமோ காட்டவே இல்லை. தொடக்கத்திலேயே ஒரே அடியில் இரண்டு முகமூடிகளைப் பறிக்கும் எதிரிகள் வருகிறார்கள், சில இடங்களில் இளைப்பாறும் இருக்கைக்குக்கூட மணிகளைக் காசாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. டீம் செர்ரியே முதல் திருத்தத்தில் தொடக்க நிலையில் வரும் பெரிய எதிரிகள் (பாஸ்) இருவரைச் சற்றுத் தணித்தது. கண்காட்சியில் ஆடிப் பார்த்து, எளிதாக இருக்கிறது என்று நம்பி யாரும் முடிவு செய்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த அரங்கில் இருந்த இன்னொரு பொருளையும் கைக்குள் வைத்துப் பார்த்தேன்: எக்ஸ்பாக்ஸும் கணினி நிறுவனமான ஏசூஸும் சேர்ந்து உருவாக்கிய ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அல்லை என்ற கையடக்கக் கருவி. ஏழு அங்குலத் திரை. விலை கூடிய மாதிரியின் எடை 715 கிராம். கேட்பதற்குப் பாரமாகத் தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடியைக் கன்ட்ரோலரைப் போலவே கீழ்நோக்கி வளைத்து வைத்திருப்பதால் பாரம் விரல்நுனியில் இறங்காமல் உள்ளங்கையில் இறங்குகிறது. தட்டையான கருவிகளைப் பிடித்துச் சுண்டுவிரல் மரத்துப்போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். கண்காட்சியில் வடம் கட்டி நிறுத்தியிருந்தார்கள், ஆகவே மடியில் வைத்து, படுத்துக்கொண்டு, ரயிலில் ஆடினால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் அங்கே அறிய வழியில்லை.

ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான கேப்காமின் அரங்குக்கு வருகிறேன். ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம் என்ற திகில் விளையாட்டு சிவப்புப் பட்டைக்காரர்களுக்கு மட்டும். மருமகனைப் பழைய கணினிகள் வைத்திருந்த பகுதியில் விட்டுவிட்டுப் போனேன். அக்கா கட்டிக்கொடுத்த ரோல்ஸ் பொதியும் அவனிடமே இருந்தது. நான் திரும்பி வந்தபோது அவனுடைய அம்மாவைவிட வயது கூடிய கொமடோர் 64 ஒன்றில் ஜாய்ஸ்டிக்கைத் திருகிக்கொண்டிருந்தான், பொதி காலியாக இருந்தது.

ரெக்வியத்தின் நாயகி கிரேஸ் ஆஷ்கிராஃப்ட், அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயில் வேலை செய்யும் பகுப்பாய்வாளர். டெமோ தொடங்கும்போதே படுக்கையோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறாள். அவிழ்த்துக்கொண்டு இறங்கினால் இருட்டுத் தாழ்வாரம், பூட்டிய கதவுகள், கையில் ஒரு சிகரெட் லைட்டர். விட்டத்திலிருந்து நீண்டு இறங்கும் ஒரு பேருருவம் அவளைத் தேடுகிறது. அதற்கு வெளிச்சம் ஆகாது. துப்பாக்கியால் சுட்டுத் தப்பிக்கும் வழியெல்லாம் அந்தப் பகுதியில் இல்லை. ஒளிய வேண்டும், போத்தலை எறிந்து திசை திருப்ப வேண்டும், விளக்கு எரியும் அறைக்கு ஓட வேண்டும்.

இதில் கைக்கு வந்த செய்தி என்ன? கிரேஸின் நடை வேண்டுமென்றே தயங்குகிறது. ஓடு என்றால் உடனே ஓடுவதில்லை. பயந்த ஒருத்தியின் உடம்பு எப்படி இயங்குமோ அப்படி இயங்குகிறது. நாயகியின் கண் வழியாகவும் பார்க்கலாம், தோளுக்குப் பின்னாலிருந்தும் பார்க்கலாம். மாற்றிக்கொள்ளப் பட்டியலில் வசதி இருக்கிறது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கண் வழிப் பார்வையில் பயம் அதிகம். பின்னாலிருந்து பார்த்தால் அவள் தடுமாறுவது தெரிகிறது, அவள்மேல் பரிவு வருகிறது. நான் பின்பார்வையைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரு குறையும் சொல்ல வேண்டும். திகில் விளையாட்டுக்குக் கண்காட்சி ஏற்ற இடமில்லை. ஹெட்போன் போட்டிருந்தும், பக்கத்து அரங்கின் தாழ்ந்த சுரம் தரை வழியாகக் கால்வரை வந்து அதிர்ந்தது. அந்த உருவம் எங்கே நடக்கிறது என்று காதால் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் எனக்குக் கேட்டது எங்கோ பரிசு வாங்கியவர்களின் ஆரவாரம். இந்த விளையாட்டை வீட்டில் விளக்கணைத்துவிட்டு ஆடுவதுதான் முறை. வெளியீடு 2026 பிப்ரவரி 27 என்று அறிவித்தார்கள். வரிசையில் மணிக்கணக்காக நின்று இதைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

அதே அரங்கில் இருந்த பிரக்மாடாவுக்கு நேர்மாறான பதிலைச் சொல்வேன். நில்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள். இது 2020இல் அறிவிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் தள்ளிப்போன விளையாட்டு. நிலவில் ஒரு நிலையம், விண்வெளி உடையில் ஹ்யூ என்ற மனிதன், அவன் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும் டயானா என்ற ஆண்ட்ராய்டு சிறுமி. முன்னோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எந்த வகை விளையாட்டு என்றே புரிந்திருக்காது. எனக்கும் புரியவில்லை. ஆடிய பிறகுதான் புரிந்தது.

எதிரே வரும் இயந்திரங்களின் கவசத்தைத் துப்பாக்கி துளைக்காது. குறிவைத்தவுடன் எதிரியின் பக்கத்தில் சிறு சிறு கட்டங்களால் ஆன ஒரு சதுரம் தோன்றுகிறது. வலது கையிலுள்ள நான்கு பொத்தான்களால் அந்தக் கட்டங்கள் வழியே ஒரு புள்ளியை நகர்த்திப் பச்சைக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும். அது டயானாவின் வேலை. சேர்ந்ததும் கவசம் விரிந்து திறக்கிறது, ஹ்யூ சுடுகிறான். இத்தனையும் நடக்கும்போது எதிரி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, அடித்துக்கொண்டே வருகிறான். இடது கை ஓடுகிறது, குறிவைக்கிறது. வலது கட்டைவிரல் புதிர் போடுகிறது. கண் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும். முதல் எதிரியிடம் என் இரண்டு கைகளும் சண்டை போட்டுக்கொண்டன. மூன்றாவது நான்காவது எதிரி வந்தபோது, விரல் தானாகவே மேல், வலம், வலம், கீழ் என்று பாதையைப் போட்டது, நான் அதைப் பார்க்காமலேயே பின்வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனும் ஒரு குழந்தையும் ஒருவரையொருவர் நம்பி நடக்கிறார்கள் என்ற உறவை வசனத்தில் சொல்லாமல் என் இரண்டு கைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பெரிய நிறுவனம் ஒன்று இவ்வளவு துணிந்து புதிய ஒன்றைச் செய்திருப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. 2026இல் வெளிவரும் என்று அப்போது சொன்னார்கள். முதல் நாளே வாங்குவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கேப்காமின் வாள்சண்டை விளையாட்டான ஒனிமுஷாவின் புதிய பாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாள்வீரன் மியாமோட்டோ முசாஷிக்கு நடிகர் தோஷிரோ மிஃபூனேயின் முகத்தை வைத்திருக்கிறார்கள். எதிரியின் வாளைத் தடுத்துத் திருப்பும் கணத்தில் கன்ட்ரோலரில் வரும் அதிர்வு மிகச் சரியாக அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. நன்றாகவே இருக்கிறது, புதுமை என்று சொல்ல முடியவில்லை. 2024இல் வராமல் இருந்த நின்டெண்டோ நிறுவனமும் 2025இல் திரும்பி வந்திருந்தது. வரிசையின் நீளத்தைப் பார்த்து அங்கே நிற்கும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

எல்லா அரங்கிலும் அனுபவம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஓர் அரங்கில், பெயர் வேண்டாம், நெடுநேரம் காக்கவைத்து எங்களுக்குக் கிடைத்த கன்ட்ரோலரில் பாத்திரத்தை நடத்தும் இடது குச்சி தேய்ந்துபோய், தொடாமலே பாத்திரம் இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற இளைஞரிடம் சொன்னோம். மாற்றுவதற்கு வேறு இல்லை என்றார். கையால் ஆடிப் பார்க்கத்தானே இத்தனை பேர் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்துத் திருகும் கருவி தேயத்தான் செய்யும். ராட்சதத் திரைக்கும் புகை இயந்திரத்துக்கும் செலவழிப்பவர்கள் ஒரு பெட்டி மாற்றுக் கன்ட்ரோலர்களை மேசைக்கடியில் வைத்திருக்கக் கூடாதா? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

கடைசி நேரத்தை 10.2ஆம் கூடத்துக்கு வைத்திருந்தேன். சிறிய குழுக்களின் விளையாட்டுகள் இருக்கும் இடம் அது. இங்கே வரிசை என்றால் முன்னால் நாலைந்து பேர், அவ்வளவுதான். விளையாட்டை உருவாக்கியவரே பக்கத்தில் நிற்கிறார். ஒரு மேசையில் இரண்டு பெண்கள் உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டை ஆடினோம். தலைப்பை மாற்றப்போவதாக அவர்களே சொன்னதால் பெயரை எழுதவில்லை. கயிற்றில் தொங்கிப் பாறைக்குப் பாறை தாவும் விளையாட்டு. தாவலில் கயிற்றை விட்ட பிறகு ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் பாத்திரம் பொத்தானுக்குச் செவிசாய்க்கவில்லை. அதைச் சொன்னேன். ஒருத்தி உடனே குறிப்பேட்டை எடுத்து, "விட்ட உடனேயா, உச்சிக்குப் போன பிறகா?" என்று கேட்டாள். மறுபடி ஆடிக் காட்டினேன். உச்சிக்குப் போன பிறகுதான். எழுதிக்கொண்டாள். மருமகன் தன் பங்குக்கு, கயிற்றின் ஒலி இழுபடும் அளவுக்கேற்ப மாறினால் பார்க்காமலே தாவலாம் என்றான். அதையும் எழுதிக்கொண்டாள். என் விரலுக்குத் தெரிந்த ஒரு சங்கதி ஒரு விளையாட்டை உருவாக்குபவருக்கு நேரே போய்ச் சேர்ந்ததை அன்று கண்ணால் பார்த்தேன். ராட்சத அரங்குகளில் இதற்கு வாய்ப்பே இல்லை. கேம்ஸ்காமுக்கு ஒரே ஒரு கூடம் மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால், சற்றும் தயங்காமல் இந்தக் கூடத்துக்குப் போங்கள்.

இனிமேல் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். 2026இல் ஆகஸ்ட் 26 முதல் 30 வரை என்று அறிவித்தார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், சனிக்கிழமை டிக்கெட்டுகள்தாம் முதலில் தீரும், கூட்டமும் அன்றுதான் அதிகம். இயன்றால் வியாழக்கிழமை போங்கள். அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலும், கை துடைக்கும் ஈரத்தாளும் பையில் இருக்கட்டும், எத்தனையோ பேர் பிடித்த கன்ட்ரோலரைத்தான் நீங்களும் பிடிக்கப் போகிறீர்கள். காலையில் கதவு திறந்ததும் ஒரே ஒரு பெரிய வரிசையைத் தேர்ந்தெடுங்கள், இரண்டாவது பெரிய வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். முன்னோட்டத்தைப் பார்த்தும் எப்படி ஆடுவது என்று உங்களுக்குப் புரியாத விளையாட்டு எதுவோ அதற்கு நில்லுங்கள். மற்றவற்றை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.